டிஸ்னி பயணத்துக்கு டேபிள் புக்கிங்: புதுச்சேரியில் உட்கார்ந்தபடியே 60 நாளுக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

மே 2-ஆம் தேதி ஃபுளோரிடாவில் ஓட்டல் அறைக்குள் நுழைகிறீர்கள் என்றால், அங்கே சாப்பிடப்போகும் சாப்பாட்டுக்கான வேலை மார்ச் 3-ஆம் தேதி சாயங்காலம் நாலரை மணிக்கே, லாஸ்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ இருக்கும் உங்கள் வீட்டில் தொடங்கிவிடுகிறது. விமான டிக்கெட், விசா, பூங்கா டிக்கெட் என்று ஆறு மாதம் ஓடியாடிப் பார்க்கிற குடும்பங்கள் இந்த ஒரு வேலையை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகின்றன. நாங்களும் அப்படித்தான் விட்டோம்.

முதல் தடவை அமெரிக்காவில் ஒரு பெரிய பூங்காவுக்குப் போனபோது நாங்கள் ஐந்து பேர். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே அட்லாண்டாவிலிருந்து தம்பி போனில் கேட்டான்: "டேபிள் போட்டுட்டியாக்கா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடணுமே." "அங்க போய்ப் பாத்துக்கலாம்டா" என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்குச் சர்க்கரை, வயது 71. அன்று ராத்திரி ஏழேமுக்காலுக்கு மூன்று உணவக வாசலில் நின்றோம். மூன்றிலும் இடமில்லை. கடைசியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அம்மாவின் கைப்பையில் மிச்சமிருந்த நாலு மேரி பிஸ்கட்டை அப்பா சாப்பிட்டார். பிஸ்கட்டைப் பிடித்த விரல்கள் லேசாக நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தவறு என்னுடையது. அடுத்த பயணத்தில் ஏழு பேர் போனோம், ஒரு வேளைகூடத் தவறவில்லை. அதை எப்படிச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். நமக்கு ஓட்டல் என்றால் சாப்பிடும் இடம். அங்கே ஓட்டல் என்றால் தங்கும் இடம் மட்டும்தான். இந்தக் கட்டுரை முழுக்க ஓட்டல் என்பது தங்கும் இடம், உணவகம் என்பது சாப்பிடும் இடம்.

எதற்கு முன்பதிவு வேண்டும், எதற்கு வேண்டாம்

ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நாலு பூங்காக்கள்: மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம். இவற்றிலும் டிஸ்னியின் ஓட்டல்களிலும் இருக்கும் உணவகங்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உட்கார வைத்து, ஆள் வந்து ஆர்டர் எடுத்துப் பரிமாறும் இடங்கள் ஒன்று. பஃபே உணவகங்களும் இதில்தான் சேரும். இவற்றுக்குத்தான் முன்பதிவு. கவுன்டரில் வாங்கி நாமே தட்டை எடுத்துக்கொண்டு போகும் இடங்கள் இன்னொன்று. அங்கே முன்பதிவே கிடையாது. மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்பில் ஆர்டர் போட்டு, பணம் கட்டி, தயாரானதும் எடுத்துக்கொள்ளலாம். கவுன்டரில் கேட்டால் ஐஸ் போட்ட குடிதண்ணீர் இலவசமாகவே தருவார்கள். தண்ணீர் பாட்டிலுக்குத் தினமும் டாலர் செலவழிக்க வேண்டியதில்லை.

குழந்தைகள் ஆசைப்படுவது முதல் வகையைத்தான். கோட்டைக்குள்ளேயே இருக்கும் சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள், விண்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் அமைத்திருக்கும் எப்காட்டின் ஸ்பேஸ் 220, மிக்கியும் நண்பர்களும் மேசை மேசையாக வந்து படம் எடுத்துக்கொள்ளும் ஷெஃப் மிக்கீஸ், 'வின்னி த பூ' என்ற கரடிப் பொம்மை வரும் கிரிஸ்டல் பேலஸ், ராத்திரியில் குடும்பம் குடும்பமாகக் கூடும் ஒஹானா. இவைதான் முதலில் நிரம்பும்.

தினமும் மூன்று வேளையும் டேபிள் போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு டேபிள் போதும். உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும், பொம்மைகள் வரும் இடம் என்றால் ஒன்றரை மணி. மூன்று வேளையும் இப்படிப் போனால் பூங்காவை எப்போது பார்ப்பது? மிச்ச இரண்டு வேளைக்குக் கவுன்டர் சாப்பாடு, இல்லாவிட்டால் கையில் கட்டிக்கொண்டு போவது. ஆமாம், கட்டிக்கொண்டு போகலாம். கண்ணாடிப் பாத்திரம் இல்லாமல், அங்கே சூடு பண்ணத் தேவையில்லாத சாப்பாடு என்றால் டிஸ்னி வேர்ல்டில் உள்ளே விடுகிறார்கள். ஆர்லாண்டோவில் இந்திய மளிகைக் கடைகள் உண்டு. அம்மா இரண்டு நாள் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கிண்டி டப்பாவில் எடுத்து வந்தார். அந்த இரண்டு நாளும் பகலில் ஒரு வரிசையிலும் நிற்கவில்லை.

நாளை எண்ணுவது

விதி எளிது. சாப்பிடப்போகும் நாளுக்கு 60 நாள் முன்பு அந்த நாளுக்கான முன்பதிவு திறக்கும். நம்ம ஊர் ரயிலுக்கும் 2024 நவம்பர் 1 முதல் 120 நாள் என்பது 60 நாளாகக் குறைந்துவிட்டதால் இந்தக் கணக்கு நமக்குப் பழகியதுதான்.

டிஸ்னியின் சொந்த ஓட்டலில் தங்குபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு, இந்த வேலையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. அவர்கள் ஓட்டலில் நுழையும் நாளுக்கு 60 நாள் முன்பு, தங்கப்போகும் நாட்கள் அத்தனைக்கும் (10 நாள் வரை) ஒரே உட்காரலில் டேபிள் போட்டுக்கொள்ளலாம். உறவினர் வீட்டிலோ வெளி ஓட்டலிலோ தங்கினால் இந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக 60 நாள் எண்ணி, ஒவ்வொரு நாளும் உட்கார வேண்டும்.

மே 2 முதல் 8 வரை தங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 3 அன்று உங்களுக்கு மே 7-ஆம் தேதிக்கும் டேபிள் போட முடியும். டிஸ்னி ஓட்டலில் தங்காதவர்கள் மே 7-ஐத் தொட மார்ச் 8 வரை காத்திருக்க வேண்டும். ஆகவே கிடைக்க அரிதான உணவகத்தை முதல் இரண்டு நாளில் தேடாதீர்கள், கடைசி நாட்களில் தேடுங்கள். மே 3-க்குத் தேடும்போது உங்களுக்கு முன்னால் பெரிய கூட்டமே நிற்கும். மே 7-க்குத் தேடும்போது, உங்களுக்கு முந்தி ஓட்டலுக்கு வந்து அன்றும் தங்கியிருப்பவர்கள் மட்டும்தான் முந்தியிருப்பார்கள்.

பொங்கல் விடுமுறைக்கு ஜனவரி 13-இல் நுழைவதாக இருந்தால் நவம்பர் 14 வரும். டிசம்பர் 12 என்றால் அக்டோபர் 13. விரல் விட்டு எண்ணாமல் காலண்டரில் மாதம் மாதமாகக் கழித்து எண்ணுங்கள், 30-ம் 31-ம் தகராறு செய்யும். எண்ணிய நாளை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துத் தனியாக எண்ணச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் அலாரம் வைக்க வேண்டும்.

நம்ம ஊர் மணியில் எத்தனை மணி

அன்றைய முன்பதிவு அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை 6 மணிக்குத் திறக்கும். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள்: மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நவம்பரின் முதல் ஞாயிறு வரை. அந்தக் காலத்தில் அங்கே காலை 6 என்றால் நமக்குப் பிற்பகல் 3:30. மற்ற மாதங்களில் 4:30.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். போவது மே மாதம், அப்போது அங்கே கோடை நேரம், அதனால் மூன்றரை என்று குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் புக்கிங் செய்யும் மார்ச் 3 அன்று அங்கே இன்னும் கடிகாரத்தை மாற்றியிருக்க மாட்டார்கள். அன்று 4:30-தான். பயண நாளின் நேரத்தைப் பார்க்கக் கூடாது, புக்கிங் நாளின் நேரத்தைப் பார்க்க வேண்டும். போனில் உலகக் கடிகாரத்தில் ஆர்லாண்டோவைச் சேர்த்துவிட்டால் குழப்பமே இல்லை.

சில நாட்களில் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பே திறந்துவிடுவதும் உண்டு. கால் மணி நேரம் முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் தூக்கம் கெட்டு எழுந்து செய்யும் வேலை இது. நமக்கோ மதியச் சாப்பாடு முடிந்து, ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காரும் நேரம். அந்த வகையில் நமக்கு வசதிதான்.

ஆனால் அக்டோபர், நவம்பரில் புக்கிங் நாள் வந்தால் மழையை மனதில் வையுங்கள். கடலூர், புதுச்சேரிக் கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30 அன்று. அந்த மாதிரி ஒரு நாளில் வீட்டு வைஃபை நம்மைக் கைவிட்டுவிடும். போனில் டேட்டாவும் முழு சார்ஜும் வேண்டும். அதோடு வெளியூரில் இருக்கும் ஒருவரிடம், சென்னையில் இருக்கும் மைத்துனரோ அமெரிக்காவில் இருக்கும் தம்பியோ யாராக இருந்தாலும் சரி, உங்கள் பட்டியலையும் கணக்கு விவரத்தையும் முன்பே கொடுத்து வைத்திருங்கள்.

ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டியவை

டிஸ்னி இணையதளத்தில் ஒரு கணக்கு தொடங்கி, உடன் வரும் எல்லோர் பெயரையும் சேருங்கள். இங்கேதான் நம் இனிஷியல் பிரச்சினை வரும். உணவக வாசலில் கடைசிப் பெயர் என்ன என்று கேட்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் பின்னால் இருக்கும், இன்னொருவருக்குக் கணவர் பெயர், குழந்தைக்கு வேறொன்று. எங்கள் ஏழு பேருக்கும் நாலு விதமான கடைசிப் பெயர் இருந்தது. முன்பதிவு யார் பெயரில் போடுகிறோமோ அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போட்டு, அந்தப் பெயரை வாட்ஸப் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம். பெரியவர் ஒருவர் முதலில் போய் வரிசையில் நின்றாலும் எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரிய வேண்டும் அல்லவா.

ஓட்டல் முன்பதிவு எண்ணை அந்தக் கணக்கோடு இணையுங்கள். இணைக்காவிட்டால் நீங்கள் ஓட்டல் விருந்தினர் என்பது கணினிக்குத் தெரியாது, தங்கும் நாட்கள் முழுக்கப் போடும் சலுகையும் திறக்காது.

அடுத்தது கார்டு. முன்பதிவுக்குப் பெரும்பாலும் பணம் பிடிப்பதில்லை, ஆனால் கார்டு எண்ணைக் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபரிலிருந்து புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் ஆன்லைன் பயன்பாடும் அடைத்தே வரும், நாம்தான் திறக்க வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புகளுக்குப் போய் இரண்டையும் ஆன் செய்து, ஒரு வரம்பும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு நாளில் கார்டு மறுக்கப்பட்டு, அதைச் சரிசெய்வதற்குள் டேபிள் போனது எங்களுக்கே நடந்திருக்கிறது. விசா அல்லது மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டாக இருப்பது நல்லது. முகவரியில் நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்து, வங்கியில் கொடுத்திருக்கும் முகவரியையே போடுங்கள். எல்லாவற்றையும் முந்தின நாளே கணக்கில் சேமித்துவிட்டால் முன்பதிவு திறந்த முதல் பத்து நிமிடத்தில் கார்டின் 16 இலக்கத்தைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

டிராவல்ஸ்காரர் மூலமாகப் போகிறீர்கள் என்றால், "சாப்பாடு சேர்த்து" என்று அவர் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று நேராகக் கேளுங்கள். பூங்காவுக்குள் டேபிள் போட்டிருக்கிறாரா, எந்த உணவகம், எந்த நாள், எத்தனை மணி, உறுதி எண் என்ன? டிஸ்னி விற்கும் சாப்பாட்டுத் திட்டமும் அப்படித்தான். முன்கூட்டியே பணம் கட்டியிருந்தாலும் அது சாப்பாட்டுக்கான பணம் மட்டுமே, டேபிளை நாம் தனியாகப் போட வேண்டும். டேபிள் போடுவதற்கென்று கட்டணம் கிடையாது, அதற்குத் தனியாக யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

பட்டியல் எழுதுவது

எந்த நாள் எந்தப் பூங்கா என்று முடிவான பிறகுதான் உணவகம் தேட வேண்டும். மேஜிக் கிங்டமில் இருக்கும் நாளில் எப்காட்டில் மதியச் சாப்பாடு போட்டால், போக வர அரை நாள் போய்விடும். பூங்காவுக்குள் இருக்கும் உணவகத்துக்கு அன்றைய பூங்கா டிக்கெட்டும் வேண்டும், டேபிள் இருக்கிறது என்பதற்காக உள்ளே விட மாட்டார்கள். ஓட்டல்களில் இருக்கும் உணவகங்களுக்கும், டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியில் இருப்பவற்றுக்கும் டிக்கெட் தேவையில்லை. பூங்கா போகாமல் ஓய்வெடுக்கும் நாளுக்கு அவைதான் சரி.

டிசம்பரில் போகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். நவம்பர், டிசம்பரில் சில ராத்திரிகளில் மேஜிக் கிங்டமில் தனி டிக்கெட் வைத்து கிறிஸ்துமஸ் விழா நடத்துவார்கள். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கே வெளியேற வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டை அன்று அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

உடம்பு நேரத்தையும் கணக்கில் எடுங்கள். போய் இறங்கிய நாள் அங்கே ராத்திரி 7 மணி என்றால், கோடையில், புதுச்சேரியில் விடியற்காலை 4:30. குழந்தைகள் தட்டில் தலை வைத்துத் தூங்கிவிடுவார்கள். முதல் நாள் எதுவும் போட வேண்டாம். அடுத்த இரண்டு நாளும் எல்லோரும் அதிகாலை மூன்று, நாலு மணிக்கே விழித்துப் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாட்களில் காலைச் சாப்பாட்டுக்கு டேபிள் போடுங்கள். பொம்மைகள் வரும் உணவகங்களில் ராத்திரியை விடக் காலையில் விலையும் குறைவு. நேரம் பழகிய பிறகு, கடைசி நாட்களில் ராத்திரிச் சாப்பாடு. முன்னால் சொன்ன சலுகைக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது: அரிதான டேபிள்கள் கடைசி நாட்களில்தான் எளிதாகக் கிடைக்கும்.

எங்கள் காகிதத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன: நாள், பூங்கா, முதல் விருப்பம், எந்த நேரத்துக்குள், இரண்டாம் விருப்பம், கிடைத்த உறுதி எண். வரிசை மட்டும் நாள் வரிசை இல்லை. எது கிடைக்க அரிதோ அது மேலே. மே 7 சிண்ட்ரெல்லா முதல் வரி. மே 6 எப்காட் இரண்டாவது. மே 5 சனா மூன்றாவது. மே 3 காலைச் சாப்பாடு நாலாவது. மே 4-க்கு எதிரே "புளிசாதம்" என்று அம்மா கையெழுத்தில் இருந்தது.

சனா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், சைவக் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் அது. அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ஓட்டலில், கிடானி வில்லேஜ் பகுதியில் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையலோடு இந்திய மசாலாவும் கலந்த உணவகம். பிரெட் சர்வீஸ் என்று கேட்டால் நான் ரொட்டி, குல்ச்சா வகைகளோடு சின்னச் சின்னக் கிண்ணங்களில் சட்னியும் ராய்த்தாவும் கொண்டு வந்து வைப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். ஜன்னலோர மேசை என்று முன்பதிவில் உறுதி கிடையாது, வாசலில் கேட்டுப் பார்க்கலாம். வெளிச்சம் இருக்கும்போதே போக வேண்டும். மே மாதம் அங்கே இருட்ட எட்டு மணி ஆகும், டிசம்பரில் ஐந்தரைக்கே மங்கிவிடும். நாங்கள் 5:10-க்குப் போட்டோம். ஓட்டலுக்குள் இருப்பதால் பூங்கா டிக்கெட்டும் வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடம்

நாலேகாலுக்கு மடிக்கணினியைத் திறந்து உள்ளே நுழைந்துவிட்டேன். பக்கத்தில் மகள் போனில் அதே கணக்கோடு. காகிதம் நடுவில். வெளியே பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

தேடும் பக்கத்தில் மூன்று கேள்விகள்தான்: எந்த நாள், எந்த வேளை, எத்தனை பேர். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 05/07 என்றால் மே 7, நாம் படிப்பதுபோல் ஜூலை 5 இல்லை. ஆட்களை எண்ணும்போது கைக்குழந்தையையும் சேருங்கள். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் பஃபேயில் காசு கிடையாது, ஆனால் உட்கார இடம் வேண்டும், அதனால் எண்ணிக்கையில் வர வேண்டும். குழந்தை விலை 3 முதல் 9 வயது வரை. 10 நிரம்பிவிட்டால் பெரியவர் விலை.

ஏழு பேருக்கு என்று தேடினால் ஒன்றும் இல்லை என்று வந்தது. பதறாமல் நாலு, மூன்று என்று பிரித்துத் தேடினோம். நான் நாலு பேருக்கு எடுக்க, மகள் பத்து நிமிடம் தள்ளி மூன்று பேருக்கு எடுத்தாள். அன்று வாசலில் இரண்டும் ஒரே குடும்பம் என்று சொன்னோம், பக்கத்துப் பக்கத்து மேசை கொடுத்தார்கள். எப்போதும் கொடுப்பார்கள் என்று உறுதி இல்லை, ஆனால் கேட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் பெரியவர் இல்லாமல் குழந்தைகள் மட்டும் உட்காரும்படி பிரித்துவிடாதீர்கள்.

நேரத்தில் பிடிவாதம் வேண்டாம். நமக்கு ராத்திரிச் சாப்பாடு எட்டரை மணிக்கு, அவர்களுக்கோ சாயங்காலம் ஐந்தரையிலிருந்தே ராத்திரிச் சாப்பாடுதான். ஆறு, ஏழு மணி உடனே போய்விடும். காலை பத்தரை, பிற்பகல் மூன்று, நாலரை இவை மிச்சம் இருக்கும். பத்தரைக்குக் காலைச் சாப்பாடு போட்டால் அதுவே மதியத்தையும் சேர்த்துத் தாங்கும். கிடைத்த நேரத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு நல்ல நேரம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

உறுதி செய்வதற்கு முன் விதிமுறையைப் படியுங்கள். பெரும்பாலான இடங்களில் 2 மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாம். ரத்து செய்யாமல் போகாமல் இருந்தால் பொதுவாக ஆளுக்கு 10 டாலர் கார்டில் பிடிப்பார்கள், சில இடங்களில் அதிகம். ஹூப்-டீ-டூ போன்ற ஆட்டம் பாட்டத்தோடு கூடிய விருந்துகளுக்கு முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டும், அவற்றுக்கான ரத்து விதி வேறு. பயண விசா இன்னும் கைக்கு வராதவர்கள் இந்த முன்பணம் கட்டும் வகையை மட்டும் தள்ளி வையுங்கள். மற்ற டேபிள்களைத் தைரியமாகப் போடலாம்.

உணவுக் கட்டுப்பாடு பற்றிக் கேட்கும் இடத்தில் எழுதுங்கள், ஆனால் "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அங்கே அந்தச் சொல்லுக்குள் முட்டை வந்துவிடும். இறைச்சி, மீன், முட்டை எதுவும் வேண்டாம், சூப்பில் கோழிச்சாறும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மெனுவில் இலைக் குறி போட்ட பண்டங்கள் முழுக்கத் தாவரப் பொருளில் செய்தவை, அவற்றை நம்பி எடுக்கலாம். மேசையில் உட்கார்ந்ததும் பரிமாற வருபவரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள். ஒவ்வாமை இருந்தால் சமையற்காரரே மேசைக்கு வந்து பேசுவார். வெட்கப்படாமல் கேளுங்கள்.

நாலு ஐம்பதுக்கு எங்கள் வேலை முடிந்தது. நாலில் மூன்று கிடைத்தன, சிண்ட்ரெல்லா கிடைக்கவில்லை.

கிடைக்காததைப் பிடிப்பது

கிடைக்கவில்லை என்றால் கதை முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். அந்த 60 நாளில் ஆட்கள் திட்டம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தினமும் காலையில் காபி குடிக்கும்போது ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை தேடினேன். பயணத்துக்கு நெருக்கமான நாட்களில், குறிப்பாகச் சாப்பிடும் நாளுக்கு முந்தின நாளும் அன்று காலையிலும், அதிகம் விடுபடும். அபராதத்துக்கு முன் ரத்து செய்துவிட வேண்டும் என்று எல்லோரும் அப்போதுதான் முடிவெடுப்பார்கள். எங்களுக்குச் சிண்ட்ரெல்லா கிடைத்தது மே 6-ஆம் தேதி காலை ஏழு மணிக்கு, ஓட்டல் பேருந்துக்குக் காத்திருந்தபோது. மறுநாள் பிற்பகல் 3:05-க்கு. மகள் பேருந்து நிறுத்தத்திலேயே குதித்துவிட்டாள்.

அதுவும் நடக்காவிட்டால் ஆப்பில் அன்றைய காத்திருப்போர் பட்டியலில் சேரலாம். உணவகத்துக்கு அருகில் இருக்கும்போது சேர்ந்துவிட்டு, இடம் காலியானதும் செய்தி வந்தால் போகலாம். எல்லா உணவகங்களிலும் எல்லா நேரமும் இது திறந்திருக்காது.

உங்களுக்கு வேண்டாம் என்று ஆன டேபிளை உடனே ரத்து செய்துவிடுங்கள். அபராதத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எங்களுக்கு அந்த 3:05 கிடைத்தது யாரோ ஒருவர் நேரத்தோடு விட்டுக்கொடுத்ததால்தான்.

பாரிஸ் போகிறவர்களுக்கு

நம்ம ஊரில் அத்தை, பெரியப்பா யாராவது பிரான்சில் இருக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டில் தங்கி, ஆர்.இ.ஆர். ஏ ரயிலில் மார்ன்-லா-வல்லே செஸி நிலையத்தில் இறங்கினால் டிஸ்னிலேண்ட் பாரிஸ் வாசல். அங்கே கணக்கு வேறு: டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் 12 மாதம் முன்பிருந்தே டேபிள் போடலாம், மற்றவர்கள் 2 மாதம் முன்பிருந்து. இளவரசிகள் வரும் ஓபெர்ஜ் த சாந்திரியோன், எலி சமையற்காரனின் பிஸ்த்ரோ ஷே ரெமி இரண்டும் முதலில் நிரம்பும். குழந்தை விலை அங்கே 3 முதல் 11 வயது வரை. நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுவார்கள், 19:30 என்றால் ராத்திரி ஏழரை. பில்லில் சேவைக் கட்டணம் சேர்ந்தே வரும், டிப்ஸ் கட்டாயம் இல்லை. அத்தை வீட்டில் ராத்திரிச் சாப்பாடு காத்திருக்கும் என்றால் மதியத்துக்கு மட்டும் ஒரு டேபிள் போட்டால் போதும்.

யுனிவர்சல் பூங்காவுக்கும் சேர்த்துப் போகிறவர்கள் அந்தப் பக்கம் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். ஹாரி பாட்டர் பகுதிகளின் பெரிய சாப்பாட்டுக் கூடங்களில் மதியமும் ராத்திரியும் கவுன்டரில் வாங்குவதுதான். பதினொன்றரைக்கே போய்விட்டால் கூட்டம் இருக்காது.

அன்று

உறுதி எண் வந்த ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டு வையுங்கள். போனில் சார்ஜ் இறங்கினாலும் இன்னொருவர் கையில் இருக்கும். ஓட்டலிலிருந்து வேறொரு ஓட்டலின் உணவகத்துக்கு டிஸ்னி பேருந்தில் போகிறீர்கள் என்றால் ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். சில இடங்களுக்கு நேர் பேருந்து கிடையாது, நடுவில் ஒரு பூங்காவில் இறங்கி மாற வேண்டும். ஆப்பிலேயே வந்துவிட்டோம் என்று பதிந்துவிடலாம். தாமதம் கால் மணி நேரத்தைத் தாண்டினால் டேபிள் கையை விட்டுப் போகலாம். முன்பதிவு இருந்தாலும் போனதும் உட்கார வைத்துவிட மாட்டார்கள், பத்து, இருபது நிமிடம் ஆகலாம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டேபிள் நேரத்தைப் பார்த்துப் போட்டுவிடாதீர்கள். தட்டு எதிரே வந்த பிறகு போடுங்கள். சனாவில் அப்பா அப்படித்தான் செய்தார். முதல் நான் ரொட்டித் துண்டு மேசைக்கு வந்ததும் அம்மா கைப்பையைத் திறந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார், அப்போது மணி ஐந்தரை.

கடைசியாக பில். மெனு விலையில் வரி சேர்ந்திருக்காது, சுமார் 6.5 சதவீதம் கூடும். ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 18 சதவீதம் டிப்ஸை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். 300 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 19.50, டிப்ஸ் 54, மொத்தம் 373.50. கையெழுத்துப் போடும் சீட்டில் டிப்ஸ் என்று இன்னொரு காலிக் கோடும் இருக்கும். மேலே ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, சேர்த்திருந்தால் அந்தக் கோட்டைக் குறுக்கே அடித்துவிட்டு, மொத்தத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.